இரண்டு வேலைக்கு ஒரே அட்டை

ஜூன் 2, திங்கள். சித்தூர்

இதில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் நைனாவுக்குப் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் அங்கே பாய்லர் பார்க்கிறார். "வீணா பண்ணாம உபயோகமா எதனா எழுதும்மா" என்று என்னிடம் தந்தார். ஐந்து மாதமாக வெறும் பக்கங்கள். இனி எழுதப்போவது உபயோகமா என்று தெரியாது. வாய்விட்டுச் சொல்ல வராததை எங்காவது வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்று கிளினிக்கில் ஒரு முதுகுவலிக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திருப்பதியிலிருந்து ஃபோன்.

"ஜெயசீலியா? ஃபிசியோ படிப்பு முடிச்சிருக்கியா? லேடிதானே?"

பெயரைக் கேட்ட பிறகும் லேடிதானா என்று கேட்கிறார். ஆமாம் சார் என்றேன். "கேக்கல, லேடிதானே?" என்றார். மறுபடி ஆமாம் சார். என் குரல் ஃபோனில் எப்போதும் இப்படித்தான், பாதி வழியிலேயே நின்றுவிடும்.

அவர் வேதாச்சலம், டீம் மேனேஜர். ஒன்பதாம் தேதி முதல் திருப்பதியில் ஆசியப் பெண்கள் கபடிக் கோப்பை. போட்டி நடத்துகிற நாடு என்பதால் இந்தியாவுக்கு ஏ, பி என்று இரண்டு டீம். பி டீம் தெற்கத்திப் பெண்கள். அதற்கு நான் ஃபிசியோ. பிப்ரவரியில் மாவட்டத் தேர்வு நடந்தபோது எட்டு நாள் சும்மா போய்க் கணுக்கால் கட்டிவிட்டேன், அதில் யாரோ என் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

நைனா கேட்ட ஒரே கேள்வி: "அட்டையில இந்தியான்னு போட்டிருக்குமா?"

போட்டிருக்கும் நைனா.

ஜூன் 7, சனி. திருப்பதி

அட்டை கிடைத்தது. போட்டோவில் என் கண் பாதி மூடியிருக்கிறது. பெயருக்குக் கீழே ‘ஃபிசியோ’, அதற்குக் கீழேயே ‘லேடி அஃபிஷியல்’.

விஷயம் இதுதான். ஒரு டீமுக்குக் கூட வருகிறவர்களுக்கு ஐந்தே அட்டை. கோச், மேனேஜர், டாக்டர், ஃபிசியோ. ஐந்தாவது ஒரு பெண்ணுக்கு, ஏனென்றால் பெண்கள் டீமின் பெஞ்சில் ஒரு பெண் அதிகாரியாவது உட்கார்ந்தால்தான் டீமை மேட்டில், அதாவது ஆடுகிற விரிப்பில், ஏற விடுவார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் தனியாக ஒரு அம்மாவைக் கூட்டிவந்திருக்கிறார்கள். நம்முடையவர் இரண்டு வேலையையும் என் ஒருத்தி தலையில் போட்டுவிட்டார். மிச்சமான அட்டையில் ‘அசிஸ்டென்ட் கோச்’ என்று அவருடைய மச்சான் தனசேகர்.

"டூ இன் ஒன்" என்று என்னைக் காட்டி கோச்சிடம் சொன்னார். எண்ணெய் வாங்கினால் சோப்பு இலவசம் என்பதுபோல.

தனசேகர் சார் கழுத்தில் அட்டையோடு ஐந்து செல்ஃபி எடுத்தார். பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "ஏம்மா, ஒரு டீமுக்கு எத்தினி பேரு?" என்று கேட்டார். மேட்டில் ஏழு, பெஞ்சில் ஐந்து சார். "அப்ப பன்னெண்டு" என்றார், கணக்குச் சரியாக வந்த திருப்தியோடு.

விதிமுறைப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு பக்கம். மேஜையிலேயே கிடந்தது, யாரும் தொடவில்லை. நான் எடுத்து வந்து முழுதும் படித்தேன். பேச வராதவளுக்குப் படிப்புதான் வேலை.

ஜூன் 9, திங்கள்

ஜெயித்தோம். பதினான்கு கணுக்கால் கட்டினேன். யாருக்கும் என் பெயர் தெரியாது. "மேடம், டேப்பு!" அதுதான் பெயர்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஒருத்தி கேட்டாள். "அக்கா, உங்க பேரு இன்னா?"

பச்சையம்மாள். நம் பி டீமின் பெரிய ரெய்டர். இருபது வயது. கங்காதர நெல்லூர்ப் பக்கம்.

"சீலியா? சித்தூரா? அப்ப நம்ம பஸ்ஸுதான்! இங்க எல்லாம் தெலுங்குலயே பேசிக்கினு இருக்காங்க, எனக்கு வாய் வலிக்குதுக்கா. உங்ககிட்ட பேசறேன், நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

அவள் பேசினாள், நான் கணுக்காலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "நாலு நாளா சாம்பாரே துன்னுக்கினு இருக்கோம்க்கா. நேத்து ரெய்டு போனா, என்ன புடிக்க வந்தவ மூக்க சுளிக்கறா. சாம்பார் வாசன!" முட்டைக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன். "சொன்னீங்களா? கேட்டுதா அவங்களுக்கு?" என்று சிரித்தாள். என் குரலை இரண்டு நாளில் பிடித்துவிட்டாள்.

அவள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவள். எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். இதை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் ஒரு ஃபாரத்தை எப்படிப் பிடித்துக்கொண்டு படிக்கிறாள் என்று பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை ஃபைனலுக்குப் போலீஸ் துறைத் தேர்வாளர்கள் இரண்டு பேர் வருகிறார்களாம். விளையாட்டுக்கோட்டாவில் கான்ஸ்டபிள் வேலை. "ஃபைனல் வரைக்கும் போயி, அவங்க கண்ணு முன்னாடி நாலு ரெய்டு போட்டன்னா போதும்க்கா. அப்புறம் நானே லத்தி புடிச்சிக்கினு உங்க கிளினிக்குக்கு வரேன்."

மாலையில் லிஃப்டில் ஈரான் டீம். கூடவே, மலையில் மொட்டை போட்டுவிட்டு வந்த ஒரு குடும்பம். குழந்தை அவர்களுடைய தலைத்துணியைப் பார்க்க, அவர்கள் குழந்தையின் சந்தனத் தலையைப் பார்க்க, ஐந்து மாடியும் யாரும் கண்ணை எடுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

நாளைக் காலை அரையிறுதி, நேபாளத்தோடு. பி டீம் இவ்வளவு தூரம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஏ டீம் நேற்றே வெளியே.

டாக்டர் என்ற பெயரில் அட்டை வைத்திருப்பவரைத் தொடக்க விழாவில் பார்த்ததோடு சரி.

ஜூன் 13, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

ஜெயித்தோம். ஃபைனலுக்கு வந்துவிட்டோம்.

இரண்டாம் பாதியில் ஏழு நிமிஷம் மிச்சம். பச்சை ரெய்டு போனாள். கணுக்காலில் பிடித்தார்கள், விழுந்தாள். தடுக்க வந்தவளின் முட்டி அவள் காதுக்கு மேலே மோதியது. சத்தம் பெஞ்ச் வரை கேட்டது. கண் திறந்தே இருந்தது, ஆனால் ஆள் அதில் இல்லை. நாலு எண்ணும் நேரம். பிறகு தானே எழுந்தாள், தூசி தட்டினாள், நேராக நடந்துபோய் நேபாளப் பெண்களோடு வரிசையில் நின்றுகொண்டாள்.

ஸ்டேடியமே சிரித்தது.

நான் ஓடினேன். பின்னாலிருந்து கோச் ஹரிபாபு சார், "ஸ்ப்ரே அடிம்மா, ஸ்ப்ரே!" என்று கத்துகிறார். தலைக்கு என்ன ஸ்ப்ரே? அவள் தோளைப் பிடித்து நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். தலையில் அடி என்று வெளியே வந்தவள் அடுத்த ஆட்டம் ஆட வேண்டுமென்றால் ஒரு படிவம் வேண்டும், அதில் டீம் ஃபிசியோ கையெழுத்து வேண்டும். பக்கம் முப்பத்தொன்று. அதாவது என் கையெழுத்து.

ஓட்டலுக்குத் திரும்பும்போது பஸ்ஸில், ரயில்வே கேட் அருகே, பச்சை ஐஸ் பெட்டிக்குள் வாந்தி எடுத்தாள். பெண்கள் சேர்ந்து ஓட்டல் பின்பக்கக் குழாயில் பெட்டியைக் கழுவினார்கள். "மேடம், யாருக்கும் தெரிய வேணாம்" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் என் அறையில் அவளைச் சோதித்தேன். வழக்கமான கேள்விகள் உண்டு: எந்த மைதானம், எந்தப் பாதி, யாரோடு ஆடினோம், ஸ்கோர் என்ன. நான் "எந்த—" என்று ஆரம்பிப்பதற்குள்:

"இண்டோர் ஸ்டேடியம், செகண்ட் ஹாஃப், நேபாள், முப்பத்தினாலு இருபத்தெட்டு!"

ஒரே மூச்சில். மகிழ்ச்சியாக இருந்தது எனக்கு. அப்புறம்தான் யோசித்தேன், ஆட்டம் முடியும்போது இவள் பெஞ்சில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கிடந்தாளே. கடைசி ஸ்கோர் இவளுக்கு எப்படி?

"சரி பச்சை. காலைல இன்னா துன்ன?"

வாயைத் திறந்தாள். மூடினாள். இடது கையில் போட்டிருந்த வியர்வைப் பட்டையை மெல்ல மேலே தள்ளி மணிக்கட்டைப் பார்த்தாள். நீல மையில் நாலு வரி. என் சுவரில் ஒட்டியிருந்த படிவத்தைப் பார்த்துக் கூட்டாளிகள் விடை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"அத எழுதலக்கா" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் அழுதாள். ஒரு பாதத்துக்குப் பின்னால் இன்னொரு பாதம் வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னேன். ஐந்து வினாடியில் என் மேல் சாய்ந்தாள்.

"ஒரே ஒரு மேட்ச்சுக்கா. நாளைக்கு மட்டும். அப்புறம் ஒரு மாசம் படுத்துக்கறேன், நீ சொல்ற மாதிரி."

இரண்டாவது அடி விழுந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டே பத்தி. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம் என்று. அந்த இரண்டு பத்தியை அவளிடம் சொன்னேன். "அது எல்லாருக்குமா ஆவும்?" என்றாள். எல்லாருக்கும் ஆகாது. "அப்ப?"

பேனாவை எடுத்தேன்.

சிகிச்சைப் பதிவேட்டில் எழுதினேன்: தலையில் அடி, நினைவு தவறுதல், வாந்தி, ஆடத் தகுதியில்லை.

ஐந்து மணிக்குக் கோச் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஹரிபாபு சார் கெட்டவர் இல்லை. "எங்க காலத்துல மண்ட ஒடஞ்சா துண்டு கட்டிக்கினு ஆடுவோம்மா. இன்னா ஆச்சு எங்களுக்கு?" என்றார். அவர் நேற்று ஒரே விஷயத்தை மூன்று தடவை என்னிடம் கேட்டதை நான் சொல்லவில்லை. "ஒக சந்தகம் பெட்டம்மா, அந்தே" என்று தெலுங்கில் கெஞ்சினார். ஒரு கையெழுத்துதானாம்.

மேனேஜர் கெஞ்சவில்லை. "கழுத்துல சுளுக்குன்னு எழுது. அவளே ஆடறேன்றா, உனக்கின்னா வந்துச்சி?"

"போட்டி நடத்தறவங்களோட டாக்டர்கிட்ட காட்டலாம் சார்."

"அவன் ஸ்கேனுக்கு அனுப்புவான்."

"அதுக்குத்தான் சார்."

நான் எதிர்த்துப் பேசினேனா? எனக்கே சந்தேகமாக இருந்தது. "காலைல பத்து மணிக்குள்ள கையெழுத்தோட வா" என்றார். படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆனால் போடமாட்டேன்.

ஜூன் 14, சனி. ஸ்டேடியம் வெளியே, கேட் பக்கத்தில்

பத்து மணிக்கு வெறும் படிவத்தோடு போனேன். மேனேஜர் பார்த்தார். "கார்ட கழட்டு."

"சார்..."

"சங்கம் குடுத்த கார்டு. நா வாங்கிக் குடுத்தது. உனக்கு பதிலா ஆளே கெடைக்காதா? கெளம்பு, சித்தூருக்கு பஸ்ஸு இருக்குது."

கழற்றிக் கொடுத்தேன். ஆனால் பஸ் ஏறவில்லை.

இங்கே இளநீர் விற்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மணி மூன்று ஐம்பது. ஆட்டம் ஐந்துக்கு. நாலரைக்கு நடுவர்கள் மேஜையில் பெஞ்ச் ஆட்களை எண்ணுவார்கள். கோச், மேனேஜர், மச்சான். டாக்டர் வருவாரோ மாட்டாரோ. நாலும் ஆண். பக்கம் பன்னிரண்டு: பெஞ்சில் பெண் இல்லையென்றால் டீம் மேட்டில் ஏற முடியாது. புது அட்டை போட இருபத்துநாலு மணி நேரம் வேண்டும், அது பக்கம் ஒன்பது.

ஒரு அட்டையை மிச்சம் பிடித்து மச்சானுக்குக் கொடுத்தபோது மேனேஜர் இதை நினைத்துப்பார்க்கவில்லை. கையெழுத்தும் நான்தான், பெஞ்சில் இருக்க வேண்டிய பெண்ணும் நான்தான்.

"யாருக்கு வெயிட் பண்றம்மா?" என்றார் இளநீர்க்காரர். மேனேஜருக்கு என்றேன். "அவுரு உள்ள போயி ரொம்ப நேரமாச்சே." வருவார் என்றேன்.

வருவாரா?

ஜூன் 15, ஞாயிறு

நேற்று மிச்சத்தை இன்று எழுதுகிறேன்.

நாலு நாற்பதுக்குத் தனசேகர் சார் ஓடிவந்தார், வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டு. "மேடம்! உங்கள எங்கெல்லாம் தேடறது! லேடி எங்க, லேடி எங்கன்னு மேஜையில உயிர வாங்கறாங்க. ஓட்டல் ரிசப்ஷன்ல இருக்கற அம்மாவ கூட்டிக்கினு வரவான்னு கேட்டேன், அட்ட இல்லாம ஒத்துக்கமாட்டாங்களாம்."

நான் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருக்காமல் இருந்தேன்? யாராவது "ஏய்" என்றாலே எழுந்து நிற்கிறவள் நான்.

இரண்டு நிமிஷத்தில் மேனேஜரே வந்தார். ஒரே கையில் அட்டையும் படிவமும்.

"இன்னா நாடகம் இது? வா, வந்து உக்காரு. இதுலயும் ஒரு கையெழுத்து போடு, நேரமில்ல."

அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"பெஞ்சில உட்காருவேன் சார். இதுல போடமாட்டேன். அவள மேட்ல ஏத்தினா நான் எழுந்துபோய் மேஜையில சொல்லுவேன். அது வேணாம்னா கார்ட நீங்களே வச்சிக்கங்க, நான் இங்கயே இருக்கேன்."

"பன்னெண்டு பொண்ணுங்க வாழ்க்கம்மா!"

"பதினோரு பேர் ஆடட்டும் சார்."

இளநீர்க்காரர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவருக்கே கேட்கும்படி பேசியிருக்கிறேன் போல.

மேனேஜர் படிவத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். நான் பின்னால் போனேன்.

இங்கே யாரும் படிக்கமாட்டார்கள் என்பதால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர் வராமலே இருந்திருந்தால்? அந்தப் பெண்களை மேட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பேனா? மாட்டேன். நாலு ஐம்பத்தைந்துக்கு நானே கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தியிருப்பேன், உள்ளே விடுங்கள் என்று. அது அவருக்குத் தெரியாது. தெரியாமலே போகட்டும்.

ஈரான் முப்பத்திரண்டு, நாம் இருபத்தொன்பது. மூன்று பாயிண்ட். பச்சை ஆடியிருந்தால் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும்தான் சொல்கிறேன். ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம்.

அவள் பெஞ்சில் என்னிடமிருந்து மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கத்தும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டாள். முன்வரிசையில் போலீஸ் தேர்வாளர்கள் இரண்டு பேரும் கையில் தாள் வைத்திருந்தார்கள். ஒருவர் பேனா மூடியைக் கடைசி வரை கழற்றவில்லை.

எல்லாம் முடிந்து பதக்கத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஆடி மண்ட போச்சின்னா அது என் மண்டக்கா. ஆடாம வேல போச்சே, அது யாருது?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் இன்னொரு தடவை நடந்தாலும் போடமாட்டேன். அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பக்கம்.

பதிவேட்டை மேனேஜர் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜூன் 16, திங்கள். சித்தூர்

நைனா அட்டையைக் கேட்டார். ஃபேக்டரியில் காட்டப் போகிறாராம். கொடுத்தேன். என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

கபடிச் சங்கத்திலிருந்து கடிதம். பதிவுத் தபால், கிளினிக் முகவரிக்கு. மூன்று குற்றம். ஆடத் தகுதியாக இருந்த வீராங்கனையை வேண்டுமென்றே நிறுத்தியது. ஃபைனலுக்கு முன் பொறுப்பை விட்டு வெளியேறியது. மேனேஜரிடம் மரியாதைக் குறைவாகப் பேசியது. ஆகஸ்ட் 14, திருப்பதியில் கமிட்டி விசாரணை. குற்றம் உறுதியானால் இனி எந்த டீமுக்கும் என்னைக் கூப்பிடமாட்டார்கள், என் ஃபிசியோ பதிவை ரத்து செய்யச் சொல்லியும் மேலே எழுதுவார்கள்.

பதிவு போனால் கிளினிக்கும் போகும். நாலரை வருஷப் படிப்பும்.

வெளியேறினேனாம். அட்டையைக் கழட்டுன்னு சொன்னது யாரு? கேட்டுக்கு வெளிய என்ன தள்ளினது யாரு? மனுஷங்க இப்டி கூசாம எழுதுவாங்களா?

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சில் இருந்து வந்ததும் நைனாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். ஷூவைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சாரி எழுதிப் போட்டுடும்மா. கை தேஞ்சாப் போவும்?"

"தேயாது நைனா. ஆனா நான் செஞ்சது சரி."

"சரியா இருக்கட்டும். யாரு இல்லன்னா? அவங்க பெரிய எடம். நமக்கு யாரத் தெரியும்? ஒரு வக்கீலத் தெரியுமா, ஒரு எம்.எல்.ஏ.வத் தெரியுமா?"

அம்மா உள்ளேயிருந்து, "பாஸ்டரத் தெரியும்" என்றாள். நைனா, "அவுரு ஜெபம்தான் பண்ணுவாரு" என்றார். சிரிப்பு வந்தது எனக்கு. அவருக்கு வரவில்லை.

பயப்படுகிறார். நானும் பயப்படுகிறேன். எழுதமாட்டேன்.

ஜூலை 9, புதன்

பதில் அனுப்பினேன். ஒன்றரைப் பக்கம். நடந்தது, நேரம், பக்க எண்கள். வருத்தம், மன்னிப்பு, கருணை — இந்தச் சொற்கள் ஒன்றுகூட இல்லை, இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

அவர்களுடைய சாட்சியங்களின் நகல் வந்தது.

பதிவேடு ‘கிடைக்கவில்லை’. ஃபைனல் அன்று காலையில் பரிசோதித்ததாகவும் நல்ல நிலையில் இருந்ததாகவும் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்த டாக்டர்? தொடக்க விழா டாக்டர்.

கடைசித் தாள் தெலுங்கில். ‘நான் பூரண ஆரோக்கியத்துடன் இருந்தேன். மேடம் உத்தேசபூர்வமாக என்னை நிறுத்தினார்.’ கீழே கையெழுத்து, பச்சையம்மாள்.

உத்தேசபூர்வமாக, அதாவது வேண்டுமென்றே. அவள் வாயில் அந்தச் சொல் எந்தப் பாஷையிலும் வராது. யாரோ எழுதியிருக்கிறார்கள். ஆனால் கையெழுத்து அவளுடையது. மூன்றாவது எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவாள், பதிவேட்டில் தினம் பார்த்திருக்கிறேன்.

ஏன்டி? நான் உனக்கு என்ன செஞ்சேன்?

என்ன செய்தேன் என்று தெரியும்தான்.

ஜூலை 27, ஞாயிறு

பஸ்ஸில் இருந்த மற்ற பெண்களுக்கு ஃபோன் செய்தேன். ஃபோனில் பேசுவது எனக்கு எப்படி என்று எனக்குத்தான் தெரியும். பதினோரு எண். ஏழு பேர் எடுக்கவில்லை. மூன்று பேர் ‘மேடம், அடுத்த கேம்ப்புக்கு லிஸ்ட் போட்டுக்கினு இருக்காங்க’ என்பதை மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருத்தி அழுதாள்.

அவர்களைத் திட்ட மனம் வரவில்லை.

வாந்தி எடுத்ததைப் பார்த்தவர்கள் இவர்கள்தான். இவர்கள் சொல்லாவிட்டால் மிச்சம் ஒருத்திதான். எடுத்தவள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தனியாகப் போகிறேன் என்று இருந்தேன். நைனா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வியாழக்கெழமைக்கு லீவு எழுதிக் குடுத்துட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். சாரி எழுதினாயா என்று இப்போது கேட்பதில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மத்தியானம் கிளினிக் பெஞ்சில் மூட்டுவலிக்காரர்களுக்கு நடுவில் பச்சை உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள்.

"போலீஸ்ல ரெண்டாவது தடவ கூப்ட்டிருக்காங்கக்கா. இருவதாம் தேதி. ஃபிட்னஸ் கேக்கறாங்க. எங்க காலேஜு பி.டி. சாரு, நிறுத்தினவங்களே எழுதித் தந்தாத்தான் நா அனுப்புவேன்னுட்டாரு."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். உள்ளே வரச் சொன்னேன்.

கேள்விகளை மாற்றிக் கேட்டேன். பட்டையைக் கழற்றச் சொல்வதற்கு முன்பே இரண்டு மணிக்கட்டையும் திருப்பிக் காட்டினாள். மாதங்களைப் பின்னாலிருந்து சொன்னாள். கண்ணை மூடி நிற்கச் சொன்னேன், இருபது வினாடி, விரல்கூட அசையவில்லை. பின்பக்கக் கொல்லையில் கயிறு தாண்டவைத்து, ஓடவைத்து, திரும்பித் திரும்பிப் பாயவைத்து நாடி பார்த்தேன். தலை வலிக்கிறதா? இல்லை. கண் கூசுகிறதா? இல்லை. மறுபடியும் எல்லாம். ஒன்றரை மணி நேரம் ஆனது. வெளியே மூட்டுவலிக்காரர்கள் முனகிக்கொண்டிருந்தார்கள்.

"அரசாங்க ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்தாங்கக்கா, ஜூலையில" என்று தாளை நீட்டினாள். சுத்தமாக இருந்தது.

"ஜூலையில ஏன் எடுத்த?"

கட்டிலின் விளிம்பைச் சுரண்டினாள். "ஒரு மாசம் வெளிச்சத்த பாக்க முடியலக்கா. ஃபோன பாத்தா வாந்தி. அம்மா ஜன்னலுக்கு சாக்கு கட்டி விட்டுச்சி. படுத்துக்கினு இருக்கறப்போ..." நிறுத்தினாள். பிறகு, "நீங்க சொன்ன ரெண்டு பத்தி ஞாபகம் வந்துச்சி" என்றாள்.

கமிட்டியைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் நகல் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. இழுப்பறைக்கு நேர் எதிரேதான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

சான்றிதழ் தாளை எடுத்தேன். பேனாவை எடுத்தேன்.

அப்போது கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கும் தலையாட்டியிருப்பாள், கண்ணில் தெரிந்தது. மூன்று வாரமாகத் தூங்காதவள் நான், எனக்கு ஆசை இல்லையா? இருந்தது. ஆனால் அட்டையையும் படிவத்தையும் ஒரே கையில் சேர்த்து நீட்டிய ஆளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கை என் கையாக வேண்டாம்.

‘ஆடத் தகுதியுள்ளவர்’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன், பதிவு எண், முத்திரை, தேதி. நகல் எடுத்தேன். மூலத்தை அவள் கையில் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்தாள், பையின் ஜிப்பை மூடினாள். "வரேன்க்கா" என்றாள். வாசல் வரை கூடப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டாள். படியிறங்கி வெயிலில் நின்றாள், கண்ணைச் சுருக்காமல்.

அதற்கு மேல் அந்தத் தாளில் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அப்போதுதான் கூப்பிட்டேன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வந்துவிட்டது குரல்.

"பச்சை! வியாழக்கெழம பத்து மணிக்கு திருப்பதில கமிட்டி. நீ வரணும். எனக்காக ஒண்ணும் பேச வேணாம். நான் நல்லவள்னு சொல்ல வேணாம். அன்னிக்கு பஸ்ல இன்னா ஆச்சோ, அத மட்டும் உன் வாயால சொல்லு."